பெரியவர் முட்டை போட்டார்

வியாழக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குப் பெரியவர் ஒரு பச்சை லாரியில் ஏறிக் கிளம்பிப் போனார். அனுப்பி வைத்தவர் டைம்கீப்பர். 'பெரியவர், புறப்பாடு 9.20' என்று தன் நோட்டில் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்துவிட்டு, ஒரு வேலையை ஒழுங்காக முடித்த திருப்தியோடு, மாப்பிள்ளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போன தாள்களில் நாலாவது பக்கத்தைத் திருப்பினார்.

நாலாவது பக்கத்தின் முதல் வரி சிவப்பு மையில் இருந்தது. 'மாமா, எது போனாலும் பரவாயில்லை. பெரியவரை மட்டும் எதுவும் செய்ய வேண்டாம்.'

டைம்கீப்பர் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவை படித்தார். எழுத்து மாறவில்லை.

பெரியவர் ஓர் ஆமை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஆமை. மாப்பிள்ளை எட்டு மாதமாக ஒரு விளையாட்டில் மிருகக்காட்சிசாலை கட்டிக்கொண்டிருந்தார். வேலி போட்டு, குளம் வெட்டி, மரம் நட்டு, மிருகங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து விட்டு, அதைப் பார்க்க வரும் பொம்மை மனிதர்களுக்குப் பாதையும் பெஞ்சும் போட்டுக் கொடுக்கிற விளையாட்டு. அதில் முதல் நாள் வந்து சேர்ந்த முதல் மிருகம் அந்த ஆமை. ஒரு குழந்தை ஏறி உட்காரலாம், அவ்வளவு பெரிது.

ஒன்பது பதினெட்டுக்குத் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து, 'இந்த விலங்குக்கு வயதாகிவிட்டது. ஓய்வு கொடுத்து ஓய்வுக்காட்டுக்கு அனுப்பலாமா?' என்று ஆங்கிலத்தில் கேட்டது. கீழே ஆம், இல்லை என்று இரண்டு பட்டன்கள்.

முப்பத்து நாலு வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர் அவர். எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதி எழுதியே தலை நரைத்தவர். வயதான பஸ்ஸைக் கழித்துவிடச் சொல்லும் தாளும் அவர் மேஜை வழியாகத்தான் போகும். இத்தனை வருஷம் ஓடிவிட்டது, கழிக்கலாமா என்று கேட்கும். கையெழுத்துப் போட்டு, அது கடைசியாகக் கிளம்பிய நேரத்தை எழுதுவார். நாலு மாதத்துக்கு முன் அவருடைய ஓய்வுத் தாளும் அதே மேஜைக்கு வந்தது. அதிலும் அவரே கையெழுத்துப் போட்டு, அவரே நேரம் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்படிப்பட்ட மனிதரிடம் போய், வயதாகிவிட்டது, அனுப்பலாமா என்று கேட்டால் வேறு என்ன நடக்கும்?

தப்பு முழுவதும் அவர் மேல் என்றும் சொல்ல முடியாது. மாப்பிள்ளை எழுதிக் கொடுத்தது நாலு பக்கம். அதில் முதல் இரண்டரைப் பக்கமும் அந்த விளையாட்டின் புகழ்தான். 'மற்ற ஆட்டங்களில் யாரையாவது சுட வேண்டும், இல்லாவிட்டால் யாருக்காவது பயந்து ஓட வேண்டும். இதில் ஒரு மரத்தை நட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். நாம் நட்ட மரத்தின் நிழலைத் தேடிச் சிங்கம் வந்து படுக்கும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே மாமா, அதை எழுதத் தெரியவில்லை' என்று எழுதத் தெரியாமலேயே இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தார். மூன்றாவது பக்கத்தில் எந்தப் பட்டன் தீனிக்கு, எந்தப் பட்டன் தண்ணீருக்கு என்று இருந்தது. ஆமை விஷயத்துக்கு வருவதற்குள் ஆமை போய்விட்டது.

டைம்கீப்பர் பயந்துபோனார். அதற்குக் காரணம் உண்டு.

ஓய்வு பெற்றபின் அவர் மகள் வீட்டோடு வந்துவிட்டார். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. வந்த மாதம் சும்மா இருக்க முடியாமல் சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தார். கீழ் வீட்டுக்காரர் வாளியோடு மேலே வந்தார். அடுத்து அழைப்பு மணியைச் சரிசெய்தார். அன்று முதல் ஃபிரிட்ஜைத் திறந்தால் வாசலில் மணி அடிக்கிறது. இஸ்திரிப் பெட்டியைப் பற்றி வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை.

"அப்பா, நீங்க நல்லா சாப்பிடுங்க, நல்லா தூங்குங்க. எதையும் தொட மட்டும் தொடாதீங்க" என்று மகள் சட்டம் போட்டுவிட்டாள். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் அவருக்கு இன்னும் சுருக்கென்று இருந்தது.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மெஷின்களைப் பழுது பார்க்கிறவர். வாய் திறந்து பேசாத மனிதர். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் மாமனாரும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டது மொத்தம் இரண்டே வாக்கியம். "சாப்டீங்களா மாமா?" "ஆச்சு மாப்ளே." அதையே தினமும் புதிதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாப்பிள்ளைதான் புதன்கிழமை சாயங்காலம், நாலு நாள் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பும்போது, தாள்களை நீட்டினார்.

"மாமா, நான் வர்ற வரைக்கும் பூங்காவை நீங்க பாத்துக்கணும்."

"நானா?"

"காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. தீனி, தண்ணி. அவ்வளவுதான்."

"அதுக்கு எதுக்குங்க அப்பாவைப் போட்டு இழுக்கிறீங்க?" என்றாள் மகள். "நாலு நாள் மூடி வெச்சா என்ன? பாலா அது, திரிஞ்சு போக?"

"வாடிடும்" என்றார் மாப்பிள்ளை, ஒரு மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு.

"சரி, அந்தப் பென் டிரைவையாவது குடுத்துட்டுப் போங்க. கடையில புது ஃபிரேம் ஃபோட்டோ எல்லாம் ஏத்தணும்."

"இதுல இடம் இல்ல. முக்கியமான ஒண்ணு இருக்கு. பத்திரமா வை."

மாப்பிள்ளை வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அவள் காதோரம் ஏதோ சொல்ல, அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பென் டிரைவை ஒரு பழைய கண்ணாடிக் கூட்டில் போட்டு அலமாரியில் வைத்தாள். டைம்கீப்பர் இது எதையும் கவனிக்கவில்லை. அவர் தாள்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் அவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்திருக்கிறார். அதுவும் மாப்பிள்ளை.

மறுநாள் காலை ஒன்பது இருபதுக்கு அதற்குத்தான் இந்தக் கதி.

மகள் கடைக்குப் போயிருந்தாள். டைம்கீப்பர் போனை எடுத்து ஸ்பேனருக்கு அடித்தார். ஸ்பேனர் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரு வழி உண்டு. பிறகு அந்த வழியிலிருந்து வெளியே வருவதற்கும் ஒரு வழி வைத்திருப்பார்.

"ஸ்பேனரு, ஒரு சந்தேகம். கழிச்சு அனுப்பின வண்டியைத் திரும்ப லைனுக்குக் கொண்டுவர முடியுமா?"

"முடியாதே டைமு. எந்த வண்டி?"

"ஆமை."

"அது எந்தக் கம்பெனி வண்டி?"

டைம்கீப்பர் முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினார். ஸ்பேனர் 'உம்' கொட்டிக் கேட்டார்.

"இதுக்கா இவ்வளவு வேர்க்கிற? அதே மாடல்ல வேற ஒண்ணு எடுத்து, பழைய நம்பர் பிளேட்டை மாட்டு."

"அது தப்பு இல்லியா?"

"பஸ்ல தப்பு. ஆமையில எந்த செக்கிங் வரப் போறான்?"

டைம்கீப்பர் மிருகப் பட்டியலைத் தேடிப் பிடித்து, அதே ஜாதி ஆமை ஒன்றை வரவழைத்தார். ஒற்றை விரலால் 'பெரியவர்' என்று பெயரும் அடித்துவிட்டார். பச்சை லாரி வந்தது. பின்கதவு திறந்தது. பெரியவர் இறங்கினார். பெரியவர் ஒரு சோப்புப் பெட்டி அளவு இருந்தார்.

வயது ஒன்று என்று அருகில் போட்டிருந்தது.

"இது குட்டியா வந்திருக்கு ஸ்பேனரு."

"அப்ப வளரட்டும்."

"ஞாயித்துக்கிழமை அவர் வந்துடுவாரே."

"வேகமா வளர வெக்க ஏதாவது ஆக்ஸிலேட்டர் இருக்கும் பாரு."

இருந்தது. திரையின் மூலையில் மூன்று அம்புக்குறி போட்ட ஒரு பட்டன். அதை அழுத்தினால் பூங்காவில் காலம் பறக்கும். டைம்கீப்பர் வாழ்நாள் முழுவதும் நேரத்தை எழுதி வைத்தவரே தவிர, அதை ஓட்டிப் பார்த்தவரில்லை. அழுத்தினார்.

சூரியன் வந்தது, போனது, வந்தது, போனது. மழை வந்து நின்றது. ஆமை சோப்புப் பெட்டியிலிருந்து சாப்பாட்டுத் தட்டு ஆனது. டைம்கீப்பர் ஆமையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாயங்காலம் நாலரை மணிக்கு அது முறம் அளவுக்கு வந்ததும் அப்பாடா என்று பட்டனை விட்டார். அப்புறம்தான் மற்ற பக்கங்களைத் திரும்பிப் பார்த்தார்.

ஆமைக்கு ஓடிய காலம் எல்லாருக்கும் ஓடியிருந்தது. காலையில் ஏழாக இருந்த வரிக்குதிரைகள் இப்போது நாற்பத்தொன்று. மயில்கள் எண்ணுவதற்கு நிற்கவில்லை. வேலிகள் துருப்பிடித்துச் சாய்ந்திருந்தன. பாதையெல்லாம் குப்பை. பொம்மை மனிதர்கள் தலைக்கு மேல் அழுமூஞ்சிப் படம் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். வாசல் பலகையில் மாப்பிள்ளை எட்டு மாதம் பாடுபட்டு வாங்கிய ஐந்து நட்சத்திரம் இரண்டாகியிருந்தது.

ஆறு மணிக்கு மாப்பிள்ளை போனில் வந்தார்.

"சாப்டீங்களா மாமா?"

"ஆச்சு மாப்ளே." மணி ஆறுதான் ஆகிறது என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

இத்தோடு பேச்சு முடிந்துவிடும் என்று நம்பினார். மாப்பிள்ளை வைக்கவில்லை. போனில் ஏழு வருஷத்தில் முதல் தடவையாக மூன்றாவது வாக்கியம் ஒன்று வந்தது.

"பெரியவர் எப்படி இருக்காரு?"

"இளமையா இருக்காரு மாப்ளே" என்றார் டைம்கீப்பர். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மகள் படியிறங்கிய சத்தம் கேட்டதும் அவர் நாற்காலியைப் பிடித்துவிட்டார். முதலில் வரிக்குதிரை. பாதியைப் பிடித்து மான்கள் இடத்துக்கு மாற்றினார். மான்களுக்கு இடம் போதாமல் அவற்றைக் குரங்குத் தோப்புக்கு மாற்றினார். மாற்றும்போது குரங்குத் தோப்பின் கதவைத் திறந்தார். திறந்ததை மூட வேண்டும் என்று மூன்றாவது பக்கத்தில் எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தின் மேல் அவருடைய தேநீர்க் குவளை இருந்தது.

பத்து நிமிடத்தில் இருபத்திரண்டு குரங்குகள் பழரசக் கடைக்குள் இருந்தன. ஒன்று கல்லாவில் உட்கார்ந்திருந்தது.

"கேட்டைச் சாத்து" என்றார் ஸ்பேனர். "உள்ள வண்டி நிறுத்தவே இடமில்லாதப்ப புதுசா வண்டி வரவிடக் கூடாது. மொதல்ல வரத்தை நிறுத்து."

வாசல் கேட்டைச் சாத்தினார். உள்ளே வருகிறவர்கள் நின்றார்கள். உள்ளே இருந்தவர்களால் வெளியேயும் போக முடியவில்லை. அழுமூஞ்சிப் படங்கள் கோபமூஞ்சிப் படங்களாயின. நட்சத்திரம் ஒன்றரைக்கு இறங்கியது. பாதி நட்சத்திரம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஸ்பேனரு, இனிமே நீ ஒண்ணும் சொல்லாத" என்று போனை வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவ்வளவு கும்பல், இவ்வளவு சத்தம், எது எங்கே போகிறதென்றே தெரியாத இப்படி ஒரு காட்சியை அவர் இதற்கு முன்னும் பார்த்திருக்கிறார். விடுமுறை நாள் காலை ஆறு மணிக்கு டிப்போ இப்படித்தான் இருக்கும். அப்போது அவர் என்ன செய்வார்? நோட்டை எடுப்பார்.

டைம்கீப்பர் நோட்டை எடுத்தார்.

முதலில் கேட்டைத் திறந்தார். உள்ளே வர ஒரு பாதை, வெளியே போக ஒரு பாதை என்று பிரித்தார். குரங்குகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தோப்பில் விட்டுக் கதவை மூடி, மூடினதை இரண்டு தடவை பார்த்தார். வரிக்குதிரைகளை எட்டு எட்டாகப் பிரித்தார். ஒரு அணி வெளி மைதானத்தில், மற்ற அணிகள் கொட்டகையில். ஒரு அணி உள்ளே வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த அணி வெளியே. ஒன்று மிஞ்சியது. அதை மாற்று வண்டியாக வைத்துக்கொண்டார். குப்பை பொறுக்குகிறவர்களுக்கு வழித்தடம் போட்டுக் கொடுத்தார். வேலிகளுக்கு எண் போட்டு வரிசையாகச் சரிசெய்தார். எல்லாவற்றுக்கும் நேரம் எழுதினார்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பூங்கா ஓட ஆரம்பித்தது. வரிக்குதிரைகள் வரிசையாக வெளியே வந்தன, வரிசையாக உள்ளே போயின. பொம்மை மனிதர்கள் அதையே ஒரு வேடிக்கையாக நின்று பார்த்தார்கள். நட்சத்திரம் மூன்றரை, பிறகு நாலு.

அப்போது யானை ஒன்று குளத்துக்கு வந்தது. அவர் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. சும்மா பார்த்தார். யானை தும்பிக்கையால் தண்ணீரை எடுத்துக் குட்டியின் மேல் ஊற்றியது. குட்டி வழுக்கி விழுந்து எழுந்தது. ஒரு பொம்மைக் குழந்தை அப்பாவின் தோள்மேல் ஏறிக்கொண்டு கையை ஆட்டியது. குளக்கரை மரத்தில் காற்று அடித்தது. டைம்கீப்பர் முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் இரண்டரைப் பக்கம் கொஞ்சம்தான் என்று பட்டது. வாய் திறக்காத அந்த மனிதர் வேலையிலிருந்து வந்து தினமும் எங்கே போய் இளைப்பாறுகிறார் என்று இப்போது புரிந்தது. அவர் மேல் பிரியமாக இருந்தது. அவரை ஏமாற்றுகிறோமே என்று உடனே உறுத்தியது.

கண்ணாடியில் ஈரம். துடைக்கத் துணி கிடைக்குமா என்று அலமாரியில் இருந்த பழைய கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். உள்ளே துணி இல்லை, கறுப்பாக ஏதோ ஒன்று கிடந்தது. மகளுடையதாக இருக்கும். எதையும் தொடக் கூடாது என்ற சட்டம் இந்த ஒரு தடவை சரியாக ஞாபகம் வந்தது. மூடி வைத்துவிட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது மணி மூன்றேகால். பூங்காவில் கொட்டுமேளம் அடித்தது. வாசல் பலகை தானாக மாறி, பெரிய எழுத்தில் ஒரு செய்தி வந்தது.

'மகிழ்ச்சியான செய்தி. பெரியவர் முட்டை போட்டார்.'

டைம்கீப்பர் ஆமைக் குளத்துக்குப் போய்ப் பார்த்தார். மணலில் ஒன்பது முட்டைகள். பெரியவர் பக்கத்தில் ஒரு தாயின் அமைதியோடு படுத்திருந்தார்.

ஸ்பேனருக்குப் போன் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

"பழைய ஆமை ஆணா?" என்றார் ஸ்பேனர்.

"பேரே பெரியவர்னு வெச்சிருக்காரு."

"நீ வாங்கும்போது பாக்கலியா?"

"ஆமையில எங்கே பாக்கிறது?"

"அதுவும் சரிதான். ஒரு தார்ப்பாய் போட்டு மூடு."

தார்ப்பாய் இல்லை. ஒரு புதரை நட்டு முட்டைகளை மறைத்தார். புதருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூட்டம் வந்தது. இன்னும் நாலு புதர் நட்டார். கூட்டம் நாலு மடங்கானது. ஆமைக் குளத்துக்குப் போகும் பாதையை மூடினார். உடனே வாசல் பலகையில், 'பெரியவரைப் பார்க்கப் பொதுமக்கள் அலைமோதல்' என்று வந்தது. பலகையைக் கழற்றப் பார்த்தார். அது கழலவில்லை. அதற்குப் பக்கத்தில் பலூன்கள்தான் முளைத்தன.

சாயங்காலம் மகள் கடையிலிருந்து வந்து ஃபிரிட்ஜைத் திறந்தாள். வாசலில் மணி அடித்தது. டைம்கீப்பர் மாப்பிள்ளைதான் வந்துவிட்டார் என்று நாற்காலியோடு எழுந்துவிட்டார்.

"என்னப்பா, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா."

"அந்தப் பூங்காவுல ஏதாவது ஆயிடுச்சா? ஆயிருந்தா சொல்லுங்க."

ஒரு நொடி சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். குழாய், மணி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றன. "நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்று நாற்பதுக்கு மாப்பிள்ளை வந்தார். நோட்டில் 'மாப்பிள்ளை, வருகை 11.40' என்று எழுதும்போது எழுத்து கோணலாகப் போனது. மகள் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை முகம் கழுவிவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் முன் உட்காரப் போனார்.

"மாப்ளே, உக்கார்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"சாப்டீங்களா மாமா?" என்றார் அவர், பழக்கத்தில்.

"இல்ல மாப்ளே" என்றார் டைம்கீப்பர்.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். மாமனார் ஆச்சு என்று சொல்லாத முதல் நாள் அது.

டைம்கீப்பர் மேஜைக்கு ஓரமாக, விசாரணைக்கு வந்தவரைப் போல நின்றுகொண்டு நோட்டைப் பிரித்துப் படித்தார். "வியாழன் ஒன்பது இருபது, பெரியவர் புறப்பாடு. பத்து ஐந்து, வேறு பெரியவர் வருகை. பதினொண்ணு முதல் நாலரை வரை, காலம் ஓட்டப்பட்டது. வெள்ளி பத்து பத்து, குரங்குகள் பழரசக் கடைக்குப் புறப்பாடு. பத்து இருபது, வருகை. சனி மூணேகால், முட்டை. ஒன்பது." நோட்டை மூடினார். "வயசாயிடுச்சு, அனுப்பலாமான்னு கேட்டுது மாப்ளே. கையெழுத்துப் போட்டுத்தான் பழக்கம். யோசிக்கல. எட்டு மாசம் நீங்க கட்டினதை நாலு நாள்ல கெடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

மாப்பிள்ளை திரையைத் திறந்தார். ஆமைக் குளத்துக்குப் போனார். புதர்களை ஒவ்வொன்றாக விலக்கினார். பெரியவரைப் பார்த்தார். முட்டைகளைப் பார்த்தார். வாசல் பலகையைப் படித்தார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று டைம்கீப்பர் பதறிக் கிட்டே போனபோது, மாப்பிள்ளை மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பெரியவர்... முட்டை..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பூங்காவைச் சுற்றிவர ஆரம்பித்தார். வரிக்குதிரை மைதானத்தில் நின்றார்.

"மாமா, இது என்ன, எல்லாம் வரிசையா உள்ள போகுது?"

"ஷிஃப்ட்டு மாப்ளே. எட்டு எட்டா. ஒரு அணி உள்ள வந்தாத்தான் அடுத்தது வெளிய."

"வேலிக்கெல்லாம் நம்பர்?"

"எது எப்ப துருப்பிடிக்கும்னு தெரியணுமில்ல?"

"நட்சத்திரம் நாலரை ஆயிடுச்சே." மாப்பிள்ளை வாசல் பலகைக்கும் நோட்டுக்குமாக மாறி மாறிப் பார்த்தார். "ஏழு வரிக்குதிரையை வெச்சுக்கிட்டே நான் திண்டாடினேன் மாமா. நாற்பத்தொண்ணை நீங்க ஓட்டுறீங்க. உக்காருங்க. இந்த ஒட்டகச்சிவிங்கிப் பக்கம் ஒரே நெரிசல். அதுக்கு என்ன வழின்னு சொல்லுங்க."

டைம்கீப்பர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமனாரும் மாப்பிள்ளையும் ஒட்டகச்சிவிங்கிக்கு ஒருவழிப் பாதை போட்டார்கள். நடுவில் ஒரு முட்டை பொரிந்தது. மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். அவர் மணி பார்த்து நோட்டில் எழுதினார். ஏழு வருஷத்தில் பேசாததையெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் பேசிவிட்டார்கள். எல்லாம் ஆமையைப் பற்றியும் வேலியைப் பற்றியும்தான்.

மகள் காலி வாளியோடு கீழே வந்தாள். மாப்பிள்ளை அவளிடம் அந்தக் கண்ணாடிக் கூட்டைக் கேட்டார். பென் டிரைவை எடுத்துச் செருகினார். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து ஏதோ கேட்டது. கீழே ஆம், இல்லை என்று இரண்டு பட்டன்கள். அந்த இரண்டு பட்டனைக் கண்டாலே இப்போது டைம்கீப்பருக்கு உள்ளங்கை வேர்க்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளை யோசிக்கவே இல்லை. 'ஆம்' என்பதை அழுத்தி, டிரைவை உருவி மனைவியிடம் நீட்டினார்.

"இந்தா, காலியா இருக்கு. உன் ஃபிரேம் ஃபோட்டோவை ஏத்திக்கோ. மாமா, நான் குளிச்சுட்டு வந்துடறேன், சேர்ந்தே சாப்பிடலாம். அதுவரைக்கும் பூங்காவைப் பாத்துக்குங்க."

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. மகள் பென் டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

"என்னப்பா இது, நீங்க ஏதாவது பண்ணி வெச்சிடுவீங்கன்னு பயந்து, கிளம்புறதுக்கு முன்னாடியே பழைய ஆமையோட மொத்தப் பூங்காவையும் நகல் எடுத்து இதுக்குள்ளதானே வெச்சிருந்தாரு, அதையா இப்ப அழிச்சுட்டுப் போறாரு?"